கதவில் ஒட்டிய குடும்பம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் அதற்கும் கோபம் வரும். அப்படிப்பட்ட நான் ஒருவருக்கு நன்றி சொல்வதற்காக உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நன்றி அக்காவுக்கு. என்னைவிட ஆறு வயது சின்னவர்தான். ஆனால் அலுவலகம் முழுக்க அவர் அக்காதான். மேனேஜருக்கும் அக்கா, வாசலில் காவல் இருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. ஃப்ரிட்ஜும் துணி துவைக்கும் மெஷினும் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கிளை அலுவலகம் அது. மாடியில் ஒரே நீள அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் புகார்ப் பிரிவு: மூன்று மேசை, மூன்று ஃபோன், மூன்று சக்கர நாற்காலி. இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளனாகிய நான், என் தலைக்கு மேல் ஓர் ஏசி. ஊருக்கெல்லாம் குளிர் விற்கிற கம்பெனியில் அந்த ஏசி மட்டும் ஒழுகும். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து, மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் நானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து அவர்கள் மொழியில் வருவதையெல்லாம் தமிழில் எழுதித் தருவது என் வேலை. உபயோகிக்கும் முறை, அட்டைப்பெட்டி எழுத்து, எச்சரிக்கை வாசகம், இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். விளம்பர வாசகம்தான் உயிரை வாங்கும். அவர்கள் ஊர் ஆட்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போவதற்காக எழுதியதை இங்கே அப்படியே போடச் சொல்வார்கள். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது, மாற்றினால் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

ஒரு வருடம், 'ஒருமுறை திறந்தால் மூட மனமே வராது' என்று போட்டோம். ஒரு குடும்பம் உண்மையிலேயே ஃப்ரிட்ஜை மூடாமல் வைத்திருந்தது. "நீங்கதானே சார் சொன்னீங்க? மூடாம வச்சா இன்னும் நல்லா ஓடுமாக்கும்னு வச்சோம். வீடெல்லாம் தண்ணி!" என்று அந்த வீட்டுக்காரர் ஃபோனில் கத்தினார். அடுத்த வருடம் துணி துவைக்கும் மெஷினுக்கு, 'இதைப் பார்த்தால் உங்கள் மாமியாரே பொறாமைப்படுவார்' என்று வந்தது. அந்த ஊரில் மாமியார் என்றாலே சிரிப்பார்களாம். இங்கே மாமியாரே கூப்பிட்டுவிட்டார். "நான் ஏன்யா பொறாமைப்படணும்? மருமக கை வலிக்குதுன்னு கடைக்கு அலைஞ்சு வாங்கிட்டு வந்ததே நான்தான். எங்களுக்குள்ள சிண்டு முடியறதுக்கா உங்க கம்பெனி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் எங்கள் கதை. 'எங்களை உங்கள் குடும்பமாக நினையுங்கள்.' இதை ஸ்டிக்கராக அடித்து, கீழே புகார்ப் பிரிவின் ஃபோன் நம்பரையும் போட்டு, விற்கிற ஒவ்வொரு ஃப்ரிட்ஜின் கதவிலும் ஒட்டச் சொன்னார்கள். வாசகத்தில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன், என் தமிழில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஊரில் இதைப் படிக்கிறவர் நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டு பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம் ஆட்களிடம் குடும்பம் என்று சொல்லிவிட்டு, கையில் நம்பரையும் கொடுத்தால் சும்மா விடுவார்களா?

ஸ்டிக்கர் ஒட்டின இரண்டாம் வாரத்திலிருந்து ஃபோன் ஓயவில்லை. ஒரு வீட்டில் இரண்டு மருமகள்களுக்குள் ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு யாருக்கு என்று தகராறு. பஞ்சாயத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். புதிதாகக் கடை திறக்கிற ஒருவர், "நம்ம குடும்பத்துல நாலு பேரைக் கேட்டுட்டேன், நீங்களும் ஒரு பேர் சொல்லுங்க" என்றார். ஒருவர் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் கூப்பிட்டு, "குடும்பம்னு சொல்லிட்டு ஒருத்தர்கூட வந்து தலையைக் காட்டலையே, நல்லா இருக்கா?" என்று முறைப்படி புகார் பதிவு செய்தார். வாராந்திர அறிக்கையில் அதை நான்தான் மொழிபெயர்த்து அனுப்பினேன். 'வாடிக்கையாளரின் திருமணத்துக்கு நிறுவனம் வரவில்லை.' தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது: 'இது ஃப்ரிட்ஜின் எந்தப் பாகத்தைச் சேர்ந்த கோளாறு?'

மற்ற இரண்டு மேசைக்காரர்களும் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். "ஃப்ரிட்ஜ்ல ஏதாவது பிரச்சினையா? மெக்கானிக் வருவார். இல்லையா? நன்றி, வணக்கம்." அவ்வளவுதான். அக்காவுக்கு மட்டும் அது வரவில்லை.

புகார் ஃபோன் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு உண்டு. நான்கு நிமிடம் தாண்டினால் சிவப்பாக எரியும். அக்காவின் மேசையில் அது அணைந்து நான் பார்த்ததில்லை. சராசரி பதினோரு நிமிடம். மேனேஜர் அவருக்குப் 'பதினோரு நிமிஷம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்ப்ரஸருக்கு நல்ல தமிழ் தேடிக்கொண்டிருக்கும் என் காதில் நாள் முழுக்க அக்காவின் குரல். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்துபோனேன்.

"ஏம்மா, 'நன்றி, வணக்கம்'னு ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது சார். அவங்களுக்குத் தெரியலையே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டப் போய்விட்டேன்.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பதினெட்டு வருடம் துணிக்கடையில் நின்றவர் அவர். காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நிற்பது, எடுத்துப் போடுவது, மடித்து வைப்பது. உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருட்டிக்கொண்டது. இனி நின்றால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் நாள் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார். "உக்காந்து பேசறதுக்கு ஒரு வேலையா? இதை இத்தனை நாளா யாரும் சொல்லலையே!" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டோடு இருந்தார். சமையல் அவர் பொறுப்பு. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். அக்காவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒருநாள் உப்பு கரிக்கும், மறுநாள் உப்பே இருக்காது. ஒருநாள் வாயில் வைத்துவிட்டு நான் முகம் சுளித்தேன். "அந்த மனுஷன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சமைச்சிருக்கார். அதுல உப்பு வேற சரியா இருக்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. கல்யாணப் புகார் போன ஒரு மாதத்தில் மேலிடத்திலிருந்து கடிதம். ஓர் அதிகாரி நேரில் வந்து ஒரு நாள் முழுக்க அழைப்புகளைக் கேட்பார். புகார்ப் பிரிவில் மூன்று பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். யாரை நிறுத்துவது என்று அன்றைக்கே முடிவு சொல்வார். கடிதத்தைத் தமிழில் எழுதித் தந்தவன் நான்தான். அக்கா அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்தார். "நிக்கற வேலைக்கு இனிமே போக முடியாதே சார்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் பேசாமல் ஃபோன் அடித்ததும் எடுத்துவிட்டார்.

எனக்கு மண்டை காய்ந்தது. வாசகம் என் கையால் எழுதியது. மேனேஜர் ஒருமுறை எல்லோரையும் நிற்கவைத்து, "இந்தக் குடும்பம் கிடும்பமெல்லாம் யார் வேலை?" என்று சத்தம் போட்டபோது, என் பக்கம் கை காட்டாமல், "ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு சார்" என்று பேச்சை மாற்றியவர் அக்கா. இப்போது என் எழுத்தால் அவர் நாற்காலி போகப் போகிறது. விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் கோடு போட்ட தடி நோட்டு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அக்காவின் ஃபோனில் கூடுதலாக இரண்டு ஹெட்ஃபோன் செருகி, ஒன்றை அவரும் இன்னொன்றை நானும் மாட்டிக்கொண்டோம். கேட்கக் கேட்க நான் அவர் காதோரம் மொழிபெயர்க்க வேண்டும். அங்கேதான் என் திட்டம். எந்த அழைப்பு வந்தாலும் அதை ஃப்ரிட்ஜ் கோளாறாக மாற்றிவிடுவது.

முதல் அழைப்பில் ஓர் அம்மாள், மருமகள் தன்னோடு நாலு நாளாகப் பேசுவதில்லை என்று அழுதார். "கதவு திறக்கும்போது சத்தமே வருவதில்லையாம்" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "சத்தம் வராதது எப்படிக் கோளாறு?" என்று கேட்டார். "இங்கே கொஞ்சம் சத்தம் வந்தால்தான் திருப்தி" என்றேன்.

அடுத்தது ஒரு பள்ளி ஆசிரியர். மறுநாள் ஓய்வு பெறுகிறாராம், விழாவில் பேசப் போவதை அக்காவிடம் படித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். விளக்கு சிவப்பானது. "என்ன படிக்கிறார்?" என்றார் அதிகாரி.

"பெட்டியின் வரிசை எண்ணைப் படிக்கிறார்."

ஐந்து நிமிடம் ஆனது. "இன்னுமா?"

"நம் வரிசை எண்கள் கொஞ்சம் நீளம்."

எட்டாவது நிமிடம் அந்த மனுஷர் தன் மாணவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். "எண் தப்பாகப் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமாம்" என்றேன். அதிகாரி பேனாவைக் கொஞ்சநேரம் பிடித்தபடியே இருந்துவிட்டு எதையோ எழுதினார். நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"சார், நீங்க அந்தம்மாகிட்ட என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு என்ன? அந்த பாஷை உங்களுக்குத் தெரியுமா?"

"பாஷை தெரியாது. அவங்க மூஞ்சி தெரியுதே. வாத்தியார் அழறப்போ அந்தம்மா ஆச்சரியப்படலை, சந்தேகப்பட்டாங்க. வேண்டாம் சார். என் வேலை போனா போகுது, பொய் சொன்னீங்கன்னு உங்க வேலையும் போகக் கூடாது. உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைச் சொன்னா சாயங்காலமே உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க! உங்களைக் காப்பாத்தப் பாத்தா எனக்கே புத்தி சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே திரும்பி இறங்கிப் போனார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "முதல்ல சாப்பிடுங்க" என்று தன் டப்பாவை நீட்டினார். அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஃபோன் அடித்தது. திரையில் வந்த நம்பரைப் பார்த்ததும் அக்காவின் கை நடுவில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க வேணா போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"எனக்கு ஒண்ணும் டீ வேண்டாம். எடுங்க" என்றேன். என்னை ஒதுக்குகிறாரே என்று எனக்கு ரோஷம். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அக்கா எடுத்தார்.

"நான்தாம்மா. வேலையா இருக்கியா?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என் அம்மா.

அம்மா தனியாக இருந்தார், ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் வேறோர் ஊரில். போன வருடம் நான் போவதாகச் சொன்ன விடுமுறைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாக ஊழியர் தள்ளுபடியில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி லாரியில் அனுப்பினேன். ஸ்டிக்கரோடுதான் போயிருக்கும், நான் எழுதிய ஸ்டிக்கர்.

"சொல்லுங்கம்மா" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"அவன் இன்னிக்கு வந்திருக்கானா? நேத்து இருமிக்கிட்டே இருக்கான்னு சொன்னியே."

"வந்திருக்காரும்மா. இருமல் இன்னிக்குக் குறைஞ்சிருக்கு."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார். நான் பாத்தேன்."

"கோபமா இருக்கானா?"

அக்கா ஒரு கணம் தயங்கினார். "இன்னிக்குக் கம்மிதாம்மா."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கே இல்லை. என்னோடு பேசும்போது அவர் சிரிக்க நான் எங்கே நேரம் கொடுத்தேன்?

அதிகாரி என் கையைத் தொட்டார். "என்ன சொல்கிறார்?" கதவு, ரப்பர், ஐஸ் என்று காலையில் வாய்க்கு வந்ததெல்லாம் இப்போது ஒன்றும் வரவில்லை. அதற்குள் அம்மா மேலே பேசிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. வேலை நேரத்துல கூப்பிட்டா அவனுக்குப் பிடிக்காது. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான், ரெண்டு நிமிஷம். மாத்திரை போட்டியான்னு ஒரு நிமிஷம், ஃப்ரிட்ஜ் ஓடுதான்னு ஒரு நிமிஷம். நானும் ஓடுதுப்பான்னு சொல்லிடுவேன். தனி ஆளு, எனக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜ்? ரெண்டு தக்காளியும் ஒரு பால் பாக்கெட்டும் உள்ள கிடக்கு. கதவுல உங்க நம்பர் இருக்கே, அதுக்காகத்தான் வச்சிருக்கேன். குடும்பமா நினைங்கன்னு போட்டிருக்கு. என் பையன் எழுதினதுதானே, பொய்யா இருக்காதுன்னு கூப்பிட்டேன். நீ எடுத்தே."

விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "மொழிபெயருங்கள்" என்றார் அதிகாரி, இந்த முறை அழுத்தமாக.

மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அப்படிச் சொல்லுக்குச் சொல் சரியாக வந்தது அது ஒன்றுதான். தக்காளி, பால் பாக்கெட், இரண்டு நிமிடம், எல்லாம் சொன்னேன். "இந்த அம்மாள் விசாரிக்கும் மகன் யார்? இங்கே வேலை செய்கிறாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான்" என்றேன்.

அவர் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். மூன்று பேரும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். அம்மா அக்காவின் மகள் பரீட்சையைப் பற்றிக் கேட்டார், அவர் கணவர் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாரா என்று கேட்டார், "நீ காலைத் தொங்கப்போடாம ஒரு ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கோ" என்று சொன்னார். குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது, அக்காவின் கால் அதன் மேல் இருந்தது. பிறகு அம்மா, "சரி, உனக்கு நேரமாகுது, வச்சிடறேன்" என்று அவரே வைத்துவிட்டார். பன்னிரண்டு நிமிடம்.

"காலையில் சொன்னதும் இதுபோல் சரியான மொழிபெயர்ப்புதானா?" என்றார் அதிகாரி.

இல்லை என்றேன். மருமகள் விஷயத்தைச் சொன்னேன். வாத்தியாரின் பேச்சைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இருபத்திரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறேன். வரிசை எண் பத்து இலக்கம். அதை எட்டு நிமிடம் யாரும் படிக்க முடியாது. நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

பிறகு அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, மெக்கானிக்குகள் வீடுவீடாகப் போய்வந்த பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். யார் எடுத்த அழைப்புக்கு எத்தனை முறை மெக்கானிக் போக வேண்டியிருந்தது என்று என்னைப் படிக்கச் சொன்னார். மற்ற இரண்டு மேசைகளிலும் நூறு அழைப்புக்கு எழுபது முறை போயிருந்தார்கள். அக்காவின் மேசையில் முப்பத்தொன்று. எனக்கே இது தெரியாது. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தார்.

"எப்படி?" என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்றார் அக்கா. "அவங்க வீட்டுக் கதையைச் சொல்லிக்கிட்டு வர்றப்போ எல்லாம் தானா வந்துடுது. அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்க. பிள்ளைங்க ப்ளக்கைப் பிடுங்கியிருக்கும். அந்த மருமக தகராறு வீட்டுல, ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுத் தட்டு நிறைய அடைச்சு வச்சிருக்காங்க, கதவு மூடலை. 'நன்றி, வணக்கம்' சொல்லியிருந்தா மெக்கானிக் போய்ப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு திரும்பியிருப்பான்."

இதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அதிகாரி ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, மூன்று நாற்காலியும் இருக்கும், இந்த மேசையில் உள்ள சிவப்பு விளக்கைக் கழற்றிவிடலாம் என்றார். மொழிபெயர்ப்பதற்கு முன் நான் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டார். "பரவாயில்லை சார், எத்தனாம் தேதியிலிருந்து வர வேண்டாம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"வரணும்க்கா. நாளைக்கும் வரணும். என்னிக்கும் வரணும்" என்றேன். என்னைவிடச் சின்னவரை நான் நேருக்கு நேர் அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்கு ஃபோன் செய்து கணவரிடம், "இருக்குன்னுட்டாங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

கிளம்பும்போது அதிகாரி வாசகத்தைப் பற்றி என்னிடம் கேட்டார். "எங்கள் ஊரில் இதைப் படித்துவிட்டு ஒருவரும் கூப்பிட்டதில்லை, உங்கள் ஊருக்கு இது ஒத்துவரவில்லை, எடுத்துவிடலாமா?" என்றார். எடுங்கள் எடுங்கள் என்று நூறு தடவை கடிதம் எழுதியவன் நான். அப்போது சொல்ல வாய் வரவில்லை. புதிய பெட்டிகளில் வேறு வாசகம் போடுவதாகவும், ஏற்கெனவே ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம் என்றும் முடிவானது.

எல்லோரும் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். "எத்தனை மாசமா நடக்குதுக்கா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏழு மாசம். சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க சார். அவங்க சொன்னதை உங்ககிட்ட வந்து சொன்னா, நாளைக்கு யாரை நம்பிக் கூப்பிடுவாங்க?" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டே, "நான் அவங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கூப்பிட வேண்டிய ஆளு நான் இல்லையே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஏழு மாதம். நான் இருமியதை, சாப்பிட்டதை, சட்டை பட்டன் போனதை எல்லாம் இவர் பார்த்து எடுத்துச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இவருக்குப் பேச்சை நிறுத்தத் தெரியவில்லையே என்று நான் பல்லைக் கடித்த நேரத்தில், அவர் என் அம்மாவோடு எனக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை போதுமா? போதாது. ஆனாலும் சொன்னேன். அவர் "சரி சார், போய் வாளியைக் கொட்டுங்க, வழியுது" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

வாளியை அப்படியே விட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மேசை ஃபோனையே எடுத்து அம்மாவின் நம்பரைப் போட்டேன். அன்றைக்குப் புதன்கிழமை.

ஒரே மணியில் எடுத்தார். "சொல்லும்மா, என்ன மறந்துட்டே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா, நான்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மரியாதையான, பயந்த குரலில் அவசர அவசரமாகச் சொன்னார்.

"ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுதுப்பா. மாத்திரையும் போட்டுட்டேன்."